பன்னிரண்டாவது தடவை

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நான் நன்றாகத்தான் நடமாடுகிறேன். உன் மாமாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உன் முதுகு எப்படி இருக்கிறது? விரிப்பு மூட்டையை ஒரே தோளில் தூக்காதே என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் "ம்", "சரி", "அப்புறம்?" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அதனால்தான் எழுதிக் கேட்டிருக்கிறாய். அம்மாவின் கடைசி நேரம் எப்படி இருந்தது, வலித்ததா, உன்னைக் கேட்டாளா. மூன்று வாரமாக இதை நினைத்துத் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். தூங்கு. நான் சொல்கிறேன்.

மதியம் இரண்டரை மணி இருக்கும். ஜன்னல் திறந்திருந்தது. அம்மா ஒரே ஒரு தடவை "பெரியவளே" என்று கூப்பிட்டாள். தைத்துக்கொண்டிருந்த காலர்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். தண்ணீர் கேட்டாள். ஸ்பூனால் இரண்டு வாய் கொடுத்தேன். "சின்னவன் சாப்பிட்டானா?" என்றாள். "சாப்பிட்டான்மா" என்றேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏதோ பிரார்த்தனை முணுமுணுத்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. என் கையைப் பிடித்திருந்த அவள் பிடி மெல்லத் தளர்ந்தது. தூங்குகிறாள் என்றே முதலில் நினைத்தேன்.

அவ்வளவுதான். வலி இல்லை, பயம் இல்லை. லீவு கொடுக்க மாட்டோம் என்று உன் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டால் நீ என்ன செய்வாய்? அதை நினைத்து உருகிக்கொண்டு இருக்காதே. வேளைக்குச் சாப்பிடு. முதுகுக்குத் தைலம் தேய்.

உன் அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகம்தானே? என் முதுகு பரவாயில்லை. இப்போது வலி இடது முட்டிக்கு இறங்கிவிட்டது. உடம்புக்குள்ளேயே இடமாற்றம் வாங்கிக்கொள்கிறது.

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. மடிப்பில் கிழிந்து, ஒட்டுப் போட்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன மாதம் சலவைப் பிரிவில், அழுக்கு விரிப்பு டிராலிக்குப் பின்னால் நான் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததை மூன்றாவது மாடி நர்ஸம்மா பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "வியாழக்கிழமை நாலு மணிக்கு மேல வாங்க" என்றார். ஆஸ்பத்திரியில் ஒரு பிரார்த்தனை அறை இருக்கிறது. எந்தச் சாமி படமும் கிடையாது, பன்னிரண்டு நாற்காலி வட்டமாகப் போட்டிருக்கும். வீட்டில் யாரையாவது இழந்தவர்கள் வருகிறார்கள். முதலில் ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்க வேண்டும். பிறகு யாராவது ஒருவர் தன் கதையைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு நிபந்தனைதான். தான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். முடிவில் எல்லோரும் சேர்ந்து பிரார்த்தனை.

என் முறை வந்தபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பையில் உன் கடிதம் இருந்தது. எடுத்துப் படித்தேன். அக்கா, அந்த அறையில் அழாதவர்கள் யாருமே இல்லை. ஒரு லாரி டிரைவர் வருகிறார். மனைவி போய் ஒரு வருஷம் ஆகிறது, அங்கே வந்து வாயே திறந்ததில்லை. அன்றைக்கு அவர் பேசினார். முக்கால் மணி நேரம். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அம்மா போனதிலிருந்து எனக்குப் பிரார்த்தனை வரவே இல்லை. அன்றைக்கு வந்த மாதிரி இருந்தது. அம்மா முணுமுணுத்த பிரார்த்தனை என்ன? ஒரு வார்த்தையாவது காதில் விழுந்ததா? யோசித்து எழுது.

உன் கண்ணைப் பார்த்துக்கொள். நூல் கோக்கும்போது கண்ணாடி போடு.

சின்னவன்

*

மார்ச் 30

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

பதில் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்று சீருடைக் காலர் மலை மாதிரி வந்து விழுந்திருக்கிறது. மாடி வீட்டு டீச்சர் தன் பெண்ணின் கல்யாணத்துக்கு நாலு ஜாக்கெட் கொடுத்துவிட்டு, நாலு தடவை அளவு மாற்றிவிட்டார். பெண்ணுக்கு மாப்பிள்ளையையாவது மாற்றாமல் இருக்கிறாரே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

உன் மாமாதான் அதிசயமாக மாறிவிட்டார். டிப்போவிலிருந்து வந்தால் பேப்பரில் முகத்தைப் புதைக்கிற மனிதர், இப்போது நான் "ஏங்க" என்று வாயெடுக்கும் முன்பே வந்து நிற்கிறார். வயதாகிவிட்டது போல.

பிரார்த்தனையைப் பற்றிக் கேட்டிருந்தாய். சரியாகக் காதில் விழவில்லை. தெருவில் சத்தம்.

அந்தக் கடிதம் உனக்கு எழுதியது. கூட்டத்தில் படிப்பதற்கு எழுதவில்லை. இனிமேல் வேண்டாம்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

கண் எப்படி இருக்கிறது? மாமாவின் மாறுதலைப் படித்துச் சிரித்தேன். அப்படியே விட்டுவிடு, காரணம் கேட்டால் பழையபடி ஆகிவிடுவார்.

நீ வேண்டாம் என்று எழுதியதைப் படித்தபோது என் முகம் சுருங்கிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. போன கடிதத்தில் நான் ஒன்றை மென்று விழுங்கிவிட்டேன். சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குப் படித்தபோது "அன்புத் தம்பிக்கு" என்கிற வரியை விட்டுவிட்டு, "மதியம் இரண்டரை மணி இருக்கும்" என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பேச வராது என்பதால் நானே வீட்டில் எழுதிக்கொண்டு வந்தேன் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தது நான் என்று நினைத்துவிட்டார்கள். டிரைவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "குடுத்து வச்ச கைப்பா இது" என்றார். அந்த நிமிஷமே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கையை அவரிடமே கொடுத்துவிட்டு நின்றேன்.

ஒரு தடவையோடு போயிருந்தால் சரி. புதிதாக யாராவது வந்தால், "நம்ம சலவைக்காரரைக் கேளுங்க" என்கிறார்கள். நாலு வாரமாகச் சொல்கிறேன். இப்போது தாள்கூடத் தேவையில்லை. அம்மாவின் முடியை நான் ஒதுக்கிவிட்டதாக ஒரு வரியை நானே சேர்த்துவிட்டேன், அக்கா. சொல்லும்போது அது நடந்த மாதிரியே இருக்கிறது. கீழே வந்து விரிப்பு மடிக்கும்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

எல்லோரும் அழுதார்கள் என்று எழுதினேனே, ஒரே ஒருத்தர் மட்டும் அழவில்லை. தடித்த கண்ணாடி போட்ட அம்மா, கேன்டீனில் கணக்கு எழுதுகிறவர். நான் சொல்லி முடிக்கும் முன்பே எழுந்து போய்விட்டார். அதன் பிறகு வரவில்லை. அவர் அம்மா கத்திக் கத்திப் போனாராம். நர்ஸம்மா பிறகு சொன்னார்.

ஜூன் 20ஆம் தேதி பெரிய ஹாலில் வருடாந்தரப் பிரார்த்தனை. இருநூறு பேர் வருவார்கள். நான் பேச வேண்டும் என்கிறார் நர்ஸம்மா. நீ ஒரு வார்த்தை "சரி" என்று எழுதிவிடு. உன் அனுமதி இருந்தால் மனசு இவ்வளவு உறுத்தாது.

மாமாவுக்கு என் வணக்கம். இருவரும் மாத்திரையை மறக்காதீர்கள்.

சின்னவன்

*

மே 20

தம்பிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. நீயும் சுகமாக இருப்பாய்.

ஆறு வாரமாக எழுதாததற்குக் கண் வலி என்று வைத்துக்கொள்.

பேசாதே. ஜூன் 20ஆம் தேதியும் பேசாதே, வியாழக்கிழமையும் பேசாதே. காரணம் கேட்காதே. நான் உனக்கு மூத்தவள், ஒரு தடவையாவது சொன்ன பேச்சைக் கேள்.

முடியை ஒதுக்கிவிட்டாயாமே. ஏழு வருஷம் அந்த முடியைச் சீவியது யார்? நீ வந்திருந்தால் உனக்கென்று சொல்ல ஒரு கதை இருந்திருக்கும். வரவில்லை. அதற்காக என்னுடையதை எடுத்துக்கொண்டு போய்ச் சாமி முன்னால் வைத்துக் கைதட்டல் வாங்குகிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா?

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

மே 29

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றி நீ விசாரிக்க நான் தகுதியானவன் இல்லை. ஆனாலும் நலம்தான்.

வெட்கமாக இல்லையா என்று கேட்டாய். இருக்கிறது. நீ நினைப்பதைவிட அதிகமாக இருக்கிறது, ஏனென்றால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

எனக்கு லீவு மறுக்கப்படவில்லை. நான் கேட்கவே இல்லை.

உன் போன் காலை ஒன்பதரைக்கு வந்தது. சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, வீட்ல ஏதாவதா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார்" என்றேன். லீவு ஃபாரம் இருக்கிற அலமாரி எனக்குப் பத்தடி தூரம். அன்று சாயங்காலம் வரை இஸ்திரி ரோலரில் விரிப்பு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். மறுநாளும். அம்மாவை எடுத்துக்கொண்டு போகிற நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் தலையணை உறை மடித்தேன்.

ஏன் என்றால், போன அக்டோபரில் ஒரு வாரம் இருக்கலாம் என்று வந்து மூன்றே நாளில் கிளம்பினேனே, நினைவிருக்கிறதா? வேலையிலிருந்து கூப்பிட்டார்கள் என்றேன். யாரும் கூப்பிடவில்லை. நீ காலர் கொடுக்க வெளியே போயிருந்த மத்தியானம் அம்மா படுக்கையிலேயே மலம் போய்விட்டாள். "சின்னவனே, கொஞ்சம் மாத்திவிடுப்பா" என்றாள். ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு நானூறு அழுக்கு விரிப்பைக் கையால் எடுக்கிறவன் நான், அக்கா. என்னால் அந்த ஒரு விரிப்பைத் தொட முடியவில்லை. சமையலறையில் போய் நின்றுகொண்டேன். நீ வரும் வரை ஒன்றேகால் மணி நேரம் அவள் அப்படியே கிடந்தாள். நீ வந்து மாற்றினாய். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "அவன் தூங்கிட்டான் போல" என்றாள்.

அவள் முகத்தை மறுபடி பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உயிரில்லாத முகத்தைக்கூட.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். ஜூன் 20ஆம் தேதி மேடையில் ஏறி, இது என் கதை இல்லை, என் அக்காவின் கதை என்று சொல்லப் போகிறேன். மடி உன்னுடையது, கை உன்னுடையது, தண்ணீர் கொடுத்தது நீ. நர்ஸம்மாவிடம் பாதி சொல்லிவிட்டேன். உன்னை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்கிறார். உன் பேருக்கு அழைப்பு தபாலில் வரும். நீ வர வேண்டும், அக்கா. இத்தனை பேர் உன்னைப் பார்த்துக் கும்பிட வேண்டும். நான் திருடியதைத் திருப்பித் தருகிற வழி எனக்கு இது ஒன்றுதான் தெரிகிறது.

மாமாவையும் கூட்டிக்கொண்டு வா. பயணத்தில் அவருக்குச் சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொள்.

சின்னவன்

*

ஜூன் 6

தம்பிக்கு,

நீ சுகமாக இரு.

அழைப்பு வந்தது. நல்ல தடித்த அட்டை. "அன்னையைக் கடைசி மூச்சு வரை மடியில் தாங்கிய மகள்" என்று அச்சடித்திருக்கிறார்கள். உன் மாமா சத்தமாகப் படித்தார். நான் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

நான் உனக்கு எழுதியது நடக்கவில்லை.

அன்றைக்கு இருநூறு காலர். ஐந்து மணிக்குக் கம்பெனி வேன் வரும். காலையிலிருந்து அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போனால் பெரிதாக ஒன்றும் இருக்காது. தலையணையைத் திருப்பு. ஜன்னலைத் திற. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, மூடு. ஒரு தடவை போய் நின்றபோது, "எதுக்குக் கூப்பிட்டேன்னு மறந்துட்டேன்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பதினொரு தடவை போனேன். எண்ணினேன், தம்பி. பெற்றவள் கூப்பிட்டதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டாவது தடவை அவள் கூப்பிட்டபோது நான் பெடலை அழுத்தினேன். மெஷின் ஓடினால் அவள் குரல் அமுங்கிவிடும். கையில் இருந்த காலர் முடிந்துவிட்டது. அடுத்ததை எடுத்து வைக்க மெஷினை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் கேட்கும். அதனால் துணியே இல்லாமல் ஓட்டினேன். ஊசி சும்மா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை நிறுத்திப் பார்த்தேன். "பெரியவளே" என்று கேட்டது. மறுபடி ஓட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நிறுத்தினேன். கேட்கவில்லை.

அப்பாடா, தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன்.

மீதிக் காலரை முடித்துவிட்டு நாலு மணிக்கு உள்ளே போனேன். ஒரு கால் கட்டிலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து என்னிடம் வரப் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் டம்ளர் காலியாக இருந்தது. கை ஆறிப்போயிருந்தது. காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்து, போர்வையைச் சரிசெய்து, கண்ணை மூடிவிட்டு, அதன் பிறகுதான் அழுது ஊரைக் கூட்டினேன். உன் மாமா வந்து, "எப்ப?" என்றார். "இப்பதான், என் கையைப் பிடிச்சுக்கிட்டே" என்றேன். வாயில் முதலில் வந்தது அதுதான். அன்றைக்கே உனக்குப் போன் செய்ய முடியவில்லை. மறுநாள் காலையில்தான் குரல் வந்தது.

நீ எழுதிக் கேட்டபோது உன்னைத் தூங்க வைக்கத்தான் எழுதினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி. எழுத எழுத அவள் தலை நிஜமாகவே என் மடியில் கனத்தது. பன்னிரண்டாவது தடவை போயிருந்தால் என்ன செய்திருப்பேனோ அதைத்தான் எழுதினேன். அந்த வாரம் நானும் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு நீ அதைப் பிரார்த்தனை அறையில் படித்ததாக எழுதினாய். அன்றிலிருந்து என்னால் கைகூப்ப முடியவில்லை. கையைச் சேர்த்தால் அந்த டிரைவர் நினைவு வருகிறது, முகம் தெரியாத மனிதர், என் பொய்யைக் கட்டிக்கொண்டு அழுகிறார்.

என்னை முன்வரிசையில் உட்கார வைக்காதே. உன் முகத்தில் எப்படி முழிப்பது என்றும் தெரியவில்லை. முட்டி வலி எப்படி இருக்கிறது?

அக்கா

*

ஜூன் 17

தம்பிக்கு,

நீ நலம் என்று நினைக்கிறேன்.

பதினொரு நாள் ஆகிறது. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது என்னைப் பார்க்காத மாதிரி போகிறார், அவருக்கே பாவமாக இருக்கிறது போல. திட்டியாவது இரண்டு வரி எழுது.

அக்கா

*

ஜூன் 29

அக்காவுக்கு,

நானும் என் முட்டியும் உயிரோடு இருக்கிறோம். நீ சாப்பிடுகிறாயா? மாமா எப்படி இருக்கிறார்?

உனக்கு எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்தேன். முதல் தாளில் இருந்ததை நீ படித்திருந்தால் இனி எனக்கு எழுதவே மாட்டாய். அம்மாவின் கால் தொங்கியது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை என்னால் இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை. கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், நம் இருவரிடமும் இருக்கிற பொய் போதும். ஆனால் மூன்றாவது தாளில் ஒரு கணக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. நீ அன்றைக்குப் பதினொரு தடவை போயிருக்கிறாய். என்னை அவள் ஒரே தடவைதான் கேட்டாள்.

ஜூன் 20ஆம் தேதி ஹாலுக்குப் போனேன். உன் முதல் கடிதமும் நிஜத்தைச் சொன்ன கடிதமும் பையில் இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்பதுதானே நிபந்தனை. நான் கண்ணால் பார்த்தது என்ன? சலவைப் பிரிவு கடிகாரம். ரோலருக்குள் போகிற விரிப்பு. சமையலறைச் சுவர். அதைத்தான் சொன்னேன். "நீங்க இத்தனை நாள் கேட்டு அழுத கதை என்னுடையது இல்லை. எனக்கு ஆறுதலா ஒருத்தர் எழுதினது. நான் அங்க போகவே இல்லை. லீவு கேக்கவே இல்லை" என்றேன். உன்னைப் பற்றி அதற்கு மேல் மூச்சு விடவில்லை. உன் கதையை நீதான் சொல்ல வேண்டும்.

 டிரைவர் எழுந்தார். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். நேற்று லிஃப்டில் பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அது வேண்டியதுதான்.

நான் இறங்கி வரும்போது கடைசி வரிசையில் அந்தக் கண்ணாடி அம்மா எழுந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. "என் அம்மா என்னைச் சபிச்சிட்டுத்தான் போனாங்க" என்று ஆரம்பித்தார். "அதச் சொல்ற இடம் இது இல்லன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார். அன்றைக்கு யாரும் பெரிதாக அழவில்லை. ஒருத்தருக்குப் பின் ஒருத்தராக எழுந்து, வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினார்கள். நர்ஸம்மா தன் கணவர் போன அன்று டியூட்டி மாற்றிக்கொண்டு தப்பித்ததைச் சொன்னார். அத்தனை வருஷமாக அந்த வட்டத்தை நடத்துகிறவர், முதல் தடவையாகச் சொன்னார். முடிவில் பிரார்த்தனை செய்தபோது எனக்கு ஒரே வார்த்தைதான் வந்தது. மன்னிச்சிடு. அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை, அம்மாவிடமா, கடவுளிடமா. ஆனால் சொல்ல முடிந்தது.

ஒன்று கேட்கிறேன். மாமாவிடம் சொன்னாயா? எனக்கு எழுதுவது சுலபம், என் முகத்தை நீ பார்க்க வேண்டியதில்லை. அவரிடம் சொல்.

கண்ணுக்கு மருந்து போடு.

சின்னவன்

*

ஜூலை 14

அன்புத் தம்பிக்கு,

சுகம்தான். சுகம் என்று இன்றைக்குப் பொய் இல்லாமல் எழுதுகிறேன். உன் மாமாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, டாக்டர் திட்டினார். உன் முட்டியை உன் ஆஸ்பத்திரியிலேயே யாரிடமாவது காட்டு. செப்டம்பரில் இங்கே வா. வந்து எத்தனை நாள் இருக்க முடிகிறதோ இரு.

சொல்லிவிட்டேன். சொல்லப் பத்து நாள் ஆயிற்று. உப்பு எங்கே என்று கேட்கப் போவேன், சொல்லாமல் திரும்பி வருவேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், முதலிலிருந்து கடைசி வரை சொல்லிவிட்டேன். பெடல், துணி இல்லாமல் ஓட்டியது, அப்பாடா என்றது, எல்லாம். என்னை விட்டுப் போய்விடுவார் என்றுகூட ஒரு பயம். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் அப்படித் தோன்றியது.

 அவர் எழுந்து தெருவுக்குப் போனார். பத்து நிமிஷம் கழித்து வந்து, நாற்காலியில் உட்காராமல் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நான் ரெண்டே முக்காலுக்கு வந்தேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "நாலரைக்குத்தானே வந்தீங்க" என்றேன்.

"அது ரெண்டாவது தடவை. அன்னிக்கு டிப்போல சீக்கிரம் விட்டுட்டாங்க. வாசல்ல செருப்பக் கழட்டுறேன், அத்தை கூப்பிடுறாங்க. உன் மெஷின் ஓடுது. நீ போகலன்னா நான்தானே போகணும். அலுப்பா இருந்துச்சு. செருப்பத் திரும்ப மாட்டுனேன்."

 சட்டையை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"செருப்புச் சத்தம் அவங்களுக்குக் கேட்டிருக்கு. மாப்பிள்ளேன்னு கூப்பிட்டாங்க. நான் டீக்கடைக்குப் போயிட்டேன்."

தம்பி, என் மனசில் முதலில் என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. நான் மட்டும் இல்லை என்கிற நிம்மதி. அதற்காக ஒரு வெட்கம். அதன் பின்னால் அவர் மேல் எக்கச்சக்கக் கோபம். போயிருக்கலாமே, நாலு எட்டு வைத்தால் அறை, ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருக்கலாமே என்று கத்தினேன். கத்தும்போதே என் காதில் விழுந்தது, இது எனக்கும் சொல்கிற பேச்சு என்று. சாயங்காலம் வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். அரை வருஷமாக ஒரே வீட்டில், ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல், ஒரே குரலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

விளக்குப் போடுகிற நேரத்தில் அவர்தான் வந்து, "அத்தை ரூம்ல போய்க் கும்பிடலாமா?" என்றார். அம்மா போனதிலிருந்து அவர் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டிலில் மெத்தை இல்லை, வெறும் பலகைதான். அதன் முன்னால் நின்றோம். எனக்குத் தெரிந்த பிரார்த்தனை ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவர், "அத்தை, நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு" என்றார். நானும், "எனக்கும் கேட்டுச்சும்மா" என்றேன். அவர் அழுதார். நான் கையைக் கூப்பியிருந்தேன், எப்போது கூப்பினேன் என்று தெரியவில்லை.

பிறகு நான் அந்தக் கட்டிலைப் பார்த்து, அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாக, "என்னம்மா, என்ன வேணும்?" என்று கேட்டேன்.

உன் அக்கா